அரைப் பேர்

மாலை நாலரை மணிக்கு மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் மேலிருந்து பனிமூட்டம் மலைக்கு ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் எதிலும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். தலையில் மாட்டிய கயிற்றைக் கழற்றி, முதுகுப் பையை இறக்கி, தராசுக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அன்றைய பாடு என்னவாயிற்று என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக, தோட்டம் வகுத்த அளவு இருந்தால் முழுப் பேர். குறைந்தால் பல இடங்களில் அரைப் பேர்.

மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலில் ஆளுக்கு எதிரே விழும் ஒரு நாளின் பதிவு. “இந்த மாசம் எத்தனை பேர்?” என்று கேட்டால், எத்தனை நாட்சம்பளம் என்று பொருள். அளவு குறைந்த நாளில் ஆள் முழுதாக மலைக்குப் போய், முழு நாளும் நின்று, முழுதாக நனைந்து வந்திருந்தாலும், செக்ரோலில் விழுவது பாதிப் பெயர்தான். அந்த அளவை ‘நாம்’ என்பார்கள். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 16 கிலோ, 18, 20 என்று. நாட்சம்பளம் ஏறிய போதெல்லாம் நாமும் ஏறிவிடுகிறது என்பது தொழிலாளர் வசிக்கும் லயங்களில் எப்போதும் கேட்கிற குறை.

உடலுழைப்பைக் கோரும் தொழிலில் இருப்பவருக்கு மாறாத நோயொன்று வந்துவிட்டால், தொழிலை உடம்புக்கேற்ப எப்படி மாற்றிக்கொள்வது? உலகமெங்கும் வேலைச் சட்டங்களும் மருத்துவமும் இன்று இதைப் பேசுகின்றன. ஆனால் பேச்சு பெரும்பாலும் நாற்காலி, மேசை, கணினி, வேலை நேரம் என்றே சுற்றுகிறது. மேசையை உயர்த்தலாம், மலைச்சரிவை என்ன செய்வது? இந்தக் கேள்வியை நான் மஸ்கெலியாவிலிருந்து கேட்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஏலாத உடம்புக்கு ஏற்ப வேலையை மாற்றிக் கொடுக்கும் வழக்கம் எப்போதும் இருந்தே வந்திருக்கிறது. அது தயவாக இருந்தது, உரிமையாக இருக்கவில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

என் பெரியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. மெலிந்த உடம்பு. “தின்னு கொழுத்தவங்களுக்கு வர்ற வியாதி எனக்கு ஏன் வந்திச்சு?” என்று அவள் கேட்டது நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் உண்டு. பிரித்தானிய மருத்துவர் டேவிட் பார்க்கரும் அவருடன் ஆராய்ந்த ஹேல்ஸும் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைந்த பிள்ளையின் உடம்பு, குறைவோடு வாழப் பழகியே உருவாகிறது, பின்னாளில் நீரிழிவு அதை எளிதாகப் பிடிக்கிறது. மலையகத்தில் இதற்கான விதை தலைமுறை தலைமுறையாக விழுந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். இன்றைய குழந்தையின் இந்தக் குட்டை உடம்புதான் நாற்பது வருடம் கழித்து மலையில் நிரை பிடிக்கப் போகிறது.

கொழுந்தெடுப்பது விரல்களின் வேலை என்றுதான் சுற்றுலாப் படங்களைப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். விரலுக்கு அது வேலைதான். ஆனால் கூலி வாங்கித் தருவது முழங்காலும் கழுத்தும் பாதமும். கயிறு தலையில் அழுத்துவதால் பையின் பாரம் கழுத்தெலும்பில் இறங்குகிறது. இடுப்பில் கட்டிய படங்கு மழையில் நனைந்து கனக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சிகள் முனை நீட்டி நிற்கின்றன. தென்மேல் பருவமழை நேரே வந்து மோதுகிற மேற்குச் சரிவில் இருக்கிறது மஸ்கெலியா. மே மாதக் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் கால் காய்வதே இல்லை.

இந்தப் பாதத்தில் நீரிழிவு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? நரம்பு தளர்ந்து பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. குச்சி குத்தினால் தெரிவதில்லை. அட்டை கடித்தால் தெரிவதில்லை. அட்டை தன் எச்சிலால் இரத்தம் உறைவதைத் தடுத்துவிட்டுத்தான் குடிக்கிறது. அது விழுந்த பிறகும் கடிவாய் நெடுநேரம் கசிந்துகொண்டிருக்கும். ஈரத்திலேயே ஊறிய தோல், கசியும் கடிவாய், உணராத கால், மேலே ஏறிய சீனி. ஒரு சாதாரணக் கீறல் புண்ணாகி, புண் விரலை எடுக்கும் நிலைக்குப் போவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பெரியம்மாவுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின. சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கிளினிக்கில் சொல்வது சரியான அறிவுரை. அதைச் சொல்லிவிட்டு அவளை அதே மலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, வெளியே சொல்லக் கூச்சப்படுவது. சீனி ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும், தாகம் எடுக்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும். மலையில் கழிப்பறை இருக்கும் தோட்டங்கள் அரிது. பெண்கள் கண்ட வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது; அல்லது மாத்திரையைக் காலையில் போடாமல் வைத்துக்கொண்டு வேலை விட்டு வந்து போடுவது. மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கிளினிக்கில் இவர்களைக் கடிந்துகொள்ளும் தாதியருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தன் உடம்புக்கு ஏற்ப வேலையை மாற்ற முடியாத பெண், வேலைக்கு ஏற்ப மருந்தை மாற்றிக்கொள்கிறாள்.

தோட்டத்தில் நோயாளியைவிட அதிகம் திட்டு வாங்குகிறவள் ‘சோம்பேறி’. நிரையில் பின்தங்குகிறவள், மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறவள், பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு எழும்ப மனமில்லாதவள். இந்தச் சோம்பலை ஆய்வாளர்கள் ஒருமுறை அளந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த உடலியங்கியல் ஆய்வாளர் எட்ஜர்டனும், இலங்கை மருத்துவர் செனவிரத்னவும், அவர்களோடு சேர்ந்த சிலரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்து, அதற்குப் பிறகு எவ்வளவு கொழுந்து எடுக்கிறார்கள், நாள் முழுக்க எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரே மாதத்தில் வேறுபாடு தெரிந்தது. இரும்பு கிடைத்து இரத்தம் ஊறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் மிகக் குறைந்திருந்தவர்களிடம், அதாவது டெசிலிட்டருக்கு 6 முதல் 9 கிராம் வரை இருந்தவர்களிடம், ஏற்றம் மிகுதியாக இருந்தது. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனாலே இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதியளவு இரத்தத்தோடும் பெண்கள் மலையேறிக் கொழுந்து எடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது இன்னொரு விவரம். இரும்பு கிடைத்தவர்கள் வேலை நேரத்தில் மட்டும் சுறுசுறுப்பாகவில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் அவர்களின் நடமாட்டம் கூடியிருந்தது. வேலை விட்டு லயத்துக்கு வந்தபின் அடுப்பூதவும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையோடு பேசவும் உடம்பில் மிச்சம் இருந்தது என்று இதற்குப் பொருள். இரத்தசோகை எடுத்துக்கொண்டு போவது கொழுந்தை மட்டுமல்ல, மாலைப் பொழுதையும்தான்.

அதே 1979இல் இந்தோனேசிய இறப்பர்த் தோட்டங்களில் பாஸ்தாவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வும் வெளிவந்தது. பால் வெட்டும் ஆண்களுக்கு 60 நாள் இரும்புச்சத்து கொடுத்ததும், இரத்தசோகையால் பின்தங்கியிருந்தவர்கள் மற்றவர்களுக்கு ஈடாக வேலை செய்தார்கள். ஆகவே, இது நம் பெண்களுக்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல. உழைப்பாளியின் இரத்தத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள உறவு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே அறியப்பட்ட விஷயம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்சாமல் தடுக்கும் என்பதும் அறியப்பட்டதுதான். ரொட்டியும் தேத்தண்ணியும் காலைச் சாப்பாடாக இருக்கும் இடத்தில், அவர்கள் பறிக்கும் இலையே அவர்கள் இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது. இத்தனை தெரிந்தும், இரும்பு மாத்திரை என்றால் நமக்குக் கர்ப்பிணித் தாய்மார் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்கள். பிள்ளை பெற்று முடித்த, மாதவிடாய் இன்னும் நிற்காத, நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பவர் யார்? அவளுக்குக் கிடைப்பது அரைப் பேர்.

இனிச் சம்பளக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நோய்க்கு எதிரான தண்டனை மறைந்திருக்கும் இடம் இது.

தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தங்களில் பல வருடம் ‘வருகைக் கொடுப்பனவு’ என்று ஒன்று இருந்தது. 2009இல் அடிப்படை 285 ரூபா, வருகைக்கு 90, விலைப்பங்கு 30, மொத்தம் 405. 2011இல் அடிப்படை 380, வருகைக்கு 105, விலைப்பங்கு 30, மொத்தம் 515. 2013இல் அடிப்படை 450, வருகைக்கு 140, விலைப்பங்கு 30, மொத்தம் 620. மாதத்தில் வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கே வருகைத் தொகை. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும்.

2013ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை இருந்தது. 75 வீதம் எட்ட 19 நாள் வேண்டும். 19 நாள் வந்தவளுக்கு நாளுக்கு 620 வீதம் 11,780 ரூபா. ஒரு நாள் குறைந்து 18 நாள் வந்தவளுக்கு வருகைத் தொகை முழுவதும் போய்விடும். நாளுக்கு 480 வீதம் 8,640 ரூபா. வித்தியாசம் 3,140 ரூபா. காய்ச்சலில் படுத்தும் கால்வலியில் விழுந்தும் எல்லையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, அந்த மாதம் கிளினிக் போகும் ஒரு நாளின் விலை ஏறத்தாழ ஏழு நாள் அடிப்படைச் சம்பளம். நீண்டகால நோயின் தன்மையே இதுதான்: அது ஒருவரைக் கட்டிலில் தள்ளுவதில்லை, எல்லையில் நிறுத்துகிறது. மாதத்தில் பதினெட்டு நாள் நன்றாக வேலை செய்யக்கூடிய உடம்பு அது. சம்பள முறை அந்த உடம்பைப் பார்த்துச் சொன்னது, ‘பத்தொன்பது, அல்லது நட்டம்’ என்று.

2016 ஒப்பந்தத்தில் வருகைக்கு 60 ரூபாவாகக் குறைந்து, வகுத்த கிலோவை எடுத்தவர்களுக்கு உற்பத்தித்திறன் தொகை 140 என்று வந்தது. வர முடியாதவளிடமிருந்து எடுத்ததை, வேகமாக எடுக்க முடியாதவளிடமிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள் என்று நான் அதை வாசிக்கிறேன். இரண்டும் பெரும்பாலும் ஒரே பெண்தான். 2019இல் அடிப்படை 700 ஆகி, இந்த இரண்டு தொகைகளும் நீங்கின. அந்த ஒரு விஷயத்தில் அது நல்ல மாற்றம். பிறகு கூட்டு ஒப்பந்தமே முறிந்து, 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாவும், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவும் வந்தன. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கவும், அரசு தன் பங்காக நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை தரவும் முன்மொழியப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கது, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘வருகை’ என்ற சொல் மறுபடி சம்பளத்துக்குள் வந்திருக்கிறது. மாதம் ஒரு கிளினிக் நாள் என்றால், 1,750 வீதம் வருடத்துக்கு 21,000 ரூபா, பஸ் காசு தனி. இலங்கையில் அரச மருத்துவம் இலவசம் என்கிறோம். நாட்கூலிக்காரிக்கு அந்த இலவசத்தின் விலை இவ்வளவு.

மஸ்கெலியாவில் அரச வைத்தியசாலை இருக்கிறது. நோர்வூட் வழியாக டிக்கோயாவுக்குப் போனால் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே 12ஆம் தேதி இந்தியப் பிரதமர் திறந்துவைத்த 150 கட்டில் கிளங்கன் வைத்தியசாலை இருக்கிறது. கட்டடம் வந்தது நல்லது. ஆனால் கிளினிக் வார நாளில், காலையில் நடக்கிறது. ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டும் வார நாளில், காலையில் நடக்கிறது. இரத்தம் எடுக்கச் சாப்பிடாமல் வரச் சொன்ன நாளில் யாரும் முதலில் மலைக்குப் போய்விட்டு வர முடியாது.

ஏலாதவர்கள் இதுவரை எப்படித்தான் சமாளித்தார்கள்? விரல்கள் போய் ஆறு மாதம் கழித்து பெரியம்மா வேலைக்குத் திரும்பிய நாளில், பெரியப்பா முதல் நாள் இரவே கங்காணி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். “அவளுக்கு ஏலாது தம்பி, ரோட்டோர நிரையைக் குடுங்க.” கங்காணி எங்களுக்கு ஒருவகையில் உறவு. ரோட்டோர நிரை சமதரை, ஏற்றம் இல்லை, பையை இறக்கி வைக்கக் கட்டு உண்டு. பக்கத்து நிரையில் இருந்த என் அக்கா, போகிற போக்கில் ஒரு கை கொழுந்தை அவள் பையில் போட்டுவிடுவாள். நிறுக்கும்போது அளவு வந்துவிடும். மூன்று வருடம் இப்படி ஓடியது. மேசை வேலைக்காரருக்கு நிறுவனம் செய்து கொடுக்கும் ‘தகுந்த ஏற்பாடு’ என்று இன்றைய சட்ட நூல்கள் எதைச் சொல்கின்றனவோ, அதை ஒரு கங்காணியும் ஒரு பெறாமகளும் எழுத்தில்லாமல் செய்தார்கள். பிறகு கங்காணி மாறினார். புதியவருக்கு எங்களைத் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ரோட்டோர நிரை அவருக்கு வேண்டியவர்களுக்குப் போனது.

தயவின் குறை இதுதான். அது ஆளோடு வந்து ஆளோடு போகும். ஆள் நல்லவராக இருப்பதால் அந்தக் குறை தீர்வதில்லை.

மலையை விட்டு வேறு வேலைக்கு மாறுவது அடுத்த வழி. நாற்றுமேடை, புல்லு வெட்டு, பிள்ளைக் காம்பரா, துப்புரவு என்று தோட்டத்தில் இலகு வேலைகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிலரே தேவை, அவையும் கேட்டு வாங்குகிற இடங்கள். ஸ்டோர் வேலைக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகலாம் என்பார்கள். கூரைக்குக் கீழே வேலை, மழையில்லை. ஆனால் மூச்சு நோய்க்காரருக்கு அது இன்னும் கேடு. மார்புநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட, தேயிலைத் தூசால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலும், தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களைப் பற்றி 1980இலும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார். விறகடுப்புப் புகையில் பாதி ஆயுள் கழித்த நுரையீரல் அந்தத் தூசுக்குள் போனால் என்னவாகும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். இலகு வேலை என்பது நோயைப் பொறுத்தது. முழங்கால் தேய்ந்தவருக்கு இலகுவானது இளைப்புக்காரருக்கு இலகுவானதல்ல. இதை ஆள் ஆளாகப் பார்த்துச் சொல்லக்கூடியவர் மருத்துவர் ஒருவர்தான்; மலையில் நிரை பிரிப்பவர் அல்ல.

அண்மை வருடங்களில் பரவிவரும் வெளியார் உற்பத்தி முறையையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்குக் குறிப்பிட்ட அளவு தேயிலைச் செடியைக் கொடுத்துவிடுவார்கள். பராமரித்து, எடுத்த கொழுந்தைத் தோட்டத்துக்குக் கொடுத்து, கிலோவுக்குக் காசு வாங்கலாம். பெரட்டு இல்லை, நாம் இல்லை. ஏலாத நாளில் படுத்துக்கொள்ளலாம், ஏலும் நாளில் எடுக்கலாம். நோயாளிக்கு இதில் உண்மையான ஆறுதல் இருக்கிறது. சில பெண்கள் விருப்பத்தோடு இதற்குள் போவது எனக்குப் புரிகிறது. ஆனால் நாட்சம்பளத் தொழிலாளிக்கு முதலாளி கட்டும் 12 வீத சேமலாப நிதியும், 3 வீத நம்பிக்கை நிதியும், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பணிக்கொடையும் எங்கிருந்து வரும்? நோயாளிக்கு வேகம் குறைந்த வேலை தேவை. வயதான காலத்தின் காப்பை விற்று அதை வாங்கச் சொல்வது என்ன நியாயம்? இளைப்பாற நேரத்தையும், இளைப்பாறிய பின் சாப்பாட்டையும் ஒருவர் சேர்த்துக் கேட்பது பேராசையல்ல.

பலர் போகும் கடைசி வழி தோட்டப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொள்வது. பெண்ணுக்கு ஐம்பது, ஆணுக்கு ஐம்பத்தைந்து வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுத்து, கூரை மாற்றி, கடன் அடைத்து, பிறகு பதிவில்லாத கைக்காசுக்காரியாக அதே மலைக்கு வருகிறாள். நோய் அப்படியே இருக்கிறது. பேர் மட்டும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்துக்கு வழி செய்கிறது. தொழில்நோய்ப் பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. கால் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் தேதி காட்டலாம், நேரம் காட்டலாம், சாட்சி காட்டலாம். முப்பது வருடம் சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலுக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சமவாயம், தகுந்த ஏற்பாடு செய்து கொடுக்க மறுப்பதையும் பாகுபாடு என்றே சொல்கிறது. ஆனால் சீனி, இரத்தசோகை, வாதம் என்று வருகிறவர்களைத் தோட்டத்தில் யாரும் வலது குறைந்தவர்களாக எண்ணுவதில்லை. அவர்களும் அப்படி எண்ணுவதில்லை. ஏலாதவங்க, அவ்வளவுதான்.

பாக்குநீரிணைக்கு அப்பால் பார்த்தால் வேறொரு காட்சி. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 32ஆம் பிரிவு, மருத்துவர் சான்றளித்த நோய்க்குத் தொழிலாளி முதலாளியிடம் நோய்க்காலக் கொடுப்பனவு பெறலாம் என்று எழுதி வைத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போனவர்களுக்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. டான்டீ என்று சொன்னால் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரே லயத்தில் பிறந்த அக்காவும் தங்கையும், ஒருத்தி மஸ்கெலியாவிலும் ஒருத்தி கூடலூரிலும், ஒரே செடியில் ஒரே இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளியிருக்கிறார்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்கு ஒருத்திக்குச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இன்னும் ஒரு படி போய், பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக்கூடாது, பழைய பணிக்கு ஏலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி கொடுக்க வேண்டும் என்கிறது. ஏட்டில் இருப்பதும் மலையில் நடப்பதும் அங்கேயும் வேறு வேறுதான். கொடுப்பனவு வாங்கச் சான்றுக்கு அலைந்த கதைகள் அங்கும் உண்டு. என்றாலும், கேட்பதற்கு ஒரு வரி இருப்பது வேறு, கேட்பதற்கு ஒரு கங்காணி இருப்பது வேறு.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் 1948 கண்ணில் படும். இந்தியப் பாராளுமன்றம் தோட்டத் தொழிலாளியின் நோய் நாளைப் பற்றி எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பு, இலங்கைப் பாராளுமன்றம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. வாக்கில்லாதவரின் காய்ச்சலுக்குச் சட்டம் எழுத யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. 2003இல் வந்த சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை தீர்ந்தது என்கிறோம். நோய் நாளின் பிரச்சினை அப்படியே கிடக்கிறது.

உடம்புக்கேற்ப வேலையை மாற்றிக் கொடுப்பது தோட்டத்தால் ஆகாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டம் ஏற்கெனவே இதைச் செய்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டத்தின் வழியில், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு செய்யும் வேலையில் பெண்ணை அமர்த்தக்கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே இடைவேளை உண்டு. அதற்காகத்தான் பிள்ளைக் காம்பராவே இருக்கிறது. கர்ப்பிணிக்குச் சமதரை நிரை கொடுத்தால் கொழுந்து குறையும் என்று தொழில் நின்றுபோகவில்லை. ஓர் உடம்புக்கு ஒரு வருடம் வேலையை மாற்றிக் கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, பத்து வருடம் மாற்றிக் கொடுக்கவும் தெரியும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மதிக்கப்பட்ட அதே உடம்புதான் இது.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. கிளினிக் கொப்பியில் வைத்தியசாலை முத்திரை விழுந்த நாளை வருகைக் கணக்கில் வந்த நாளாக எழுத வேண்டும். அரசு தரும் 200 ரூபாவுக்காவது அரசே இந்த விதியை நாளைக்கே எழுதலாம். வைத்தியர் எழுதிக் கொடுக்கும் ‘ஏற்றம் வேண்டாம்’, ‘பாரம் வேண்டாம்’ என்ற ஒரு துண்டு, கங்காணி யாராக இருந்தாலும் கட்டுப்படுத்த வேண்டும். அந்தத் துண்டு உள்ளவருக்கு நாம் தனியாக வகுக்கப்பட வேண்டும். பன்னிரண்டு கிலோ எடுத்தால் முழுப் பேர் என்று. சீனி வருத்தம் உள்ளவருக்கு முழங்கால் வரை வரும் இறப்பர்ச் சப்பாத்து ஒரு சோடி. மலைக்கு மலை ஒரு கழிப்பறை. நாற்பது தாண்டிய பெண்களுக்கும் வருடத்தில் ஒருமுறை இரத்தப் பரிசோதனை, குறைந்தவர்களுக்கு இரும்பு. கடைசியாகச் சொன்னதால் தோட்டத்துக்கு நட்டம் இல்லை, கொழுந்து கூடும் என்பதை 1979இலேயே காட்டிவிட்டார்கள். ஆனால் இந்த வாதத்தை மட்டும் வைத்து நான் கேட்க விரும்பவில்லை. கொழுந்து கூடாவிட்டாலும் அவளுக்கு இரத்தம் ஊற வேண்டும்.

தொழிற்சங்கங்களிடமும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. சம்பள மேடையில் எப்போதும் ஒரே எண்தான் ஒலிக்கும்: ஆயிரம், ஆயிரத்து எழுநூறு. நல்ல உடம்பு முழுப் பேர் போடும்போது கிடைக்கும் எண் அது. ஏலாத உடம்பு மாதக் கடைசியில் கையில் வாங்கும் எண்ணை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பெரியம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அவளுடைய கிளினிக் கொப்பி என்னிடம் இருக்கிறது. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டது. மாதத்துக்கு ஒரு வரி: தேதி, நிறை, பிரஷர், சீனி, அடுத்து வர வேண்டிய நாள். ஒவ்வொரு வருடமும் சில மாதங்களில் அந்த வரிகள் அறுந்து போகின்றன. ஏப்ரல் இல்லை. மே இல்லை. பிறகு ஜூனில் சீனி உயர்ந்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘ஏன் வரவில்லை?’ என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் மலை நிறையக் கொழுந்து தளிர்க்கும் மாதங்கள் அவை.